முதுகு மூடிய பேஞ்சோ

மேல் டிவிஷன் லயம்,
கேமரன் மலை.
3 பிப்ரவரி 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்த வாத்தியத்துக்கு முதுகு இல்லை. எனக்கு மறக்காமல் நிற்பது அதுதான்.

சுகம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை. ஈப்போவில் நீங்களும் மணியம்மா அண்ணியும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன சனிக்கிழமை படம் காட்டும் சர்க்கார் வண்டி நம் தோட்டத்துக்கு வந்தது. படம் தொடங்கும் முன் இரண்டு பேர் பாடினார்கள். ஒருவர் கையில் வட்டமாக, பறை போலத் தோல் கட்டிய ஒன்று இருந்தது. அதற்கு நீண்ட கழுத்து, கழுத்து நெடுகக் கம்பிகள். பேஞ்சோ என்றார்கள். பனி இறங்கித் தோல் ஈரமானதும் அவர் அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு துடைத்தார். அப்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன். உள்ளே ஒரு மரக்கட்டையும் தோலின் அடிப்பக்கமும் தவிர வேறு எதுவும் இல்லை.

"என்ன தங்கச்சி, பின்னாடி எட்டிப் பாக்குற? உள்ள ஒண்ணும் ஒளிச்சு வைக்கல லா. கேட்ல போலீஸ்காரனும் மொதல்ல அங்கதான் பாத்தான்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வழக்கம்போல அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆனால் அவர் வாசித்தபோது அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் ஓயாமல் ஓடின. கொழுந்து கிள்ளுகிற விரல்கள். அவை எனக்கும் இருக்கின்றன.

தீபாவளிக்கு வந்தபோது "என்ன வேணும், கேளு" என்றீர்கள். வெட்கத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கேட்கிறேன். எனக்கு ஒரு பேஞ்சோ வேண்டும்.

நீங்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போவதற்காக நான் ஐந்தாம் வகுப்போடு நின்று கூடையைத் தூக்கினேன். படித்து முடித்து வந்து எல்லாவற்றையும் எனக்குச் சொல்லித் தருவதாகச் சொன்னீர்கள். அதை நான் திருப்பிக் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

வேளா வேளைக்குச் சாப்பிடும்படி அம்மா எழுதச் சொல்கிறாள். அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை,
சரோஜா


ஈப்போ,
24 பிப்ரவரி 1952

அன்புத் தங்கை சரோஜாவுக்கு அண்ணன் சிங்காரம் எழுதுவது.

இங்கே இருவரும் ஆரோக்கியம். அம்மாவை வெந்நீர் மட்டும் குடிக்கச் சொல். காலைப் பனியில் தலையில் துணி இல்லாமல் போக வேண்டாம் என்றும் சொல்.

உன் கடிதம் கண்டு சிரிப்பும் வந்தது, சந்தோஷமும் வந்தது. நம் குடும்பத்தில் எவருக்கும் இல்லாத ஆசை உனக்கு. எனக்கு ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. ஜூலையில் என்னை நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று பெரிய கிராணி சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு நாள் கூட லீவு போடாமல் இருக்கிறேன். இருந்தும் உனக்காக வாத்தியக் கடைக்குப் போய் விசாரித்தேன்.

பேஞ்சோவில் பல வகை உண்டாம். நாலு கம்பி உள்ளதைச் சிறு ஆமையோட்டுத் துண்டால் மீட்ட வேண்டும். டான்ஸ் பேண்டுகளில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஐந்து கம்பி உள்ளதை வெறும் விரலால் வாசிக்கிறார்கள். அதில் ஐந்தாவது கம்பி குட்டை. கழுத்தின் பாதியிலிருந்து தொடங்குகிறது. அது கட்டை விரலுக்கென்றே உள்ள கம்பியாம். கடையில் அந்த வகையில் ஒன்றுதான் இருக்கிறது. ஊர் திரும்பிய பட்டாளக்காரன் விற்றுவிட்டுப் போன பழைய சாமான்.

இவை போக, நம்மவர்கள் பேஞ்சோ என்று சொல்லும் புல்புல்தாரா இருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால் ஸ்வரம் தானாக வரும், டைப் மெஷின் மாதிரி. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, அதிலும் பெண்பிள்ளைக்கு, அதுதான் பொருத்தம். கோவில் பஜனைக்கும் ஆகும். நாளைக்கு உன்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னாலும் கௌரவமாக இருக்கும். கழுத்து நீண்ட ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதையே வாங்கிவிடட்டுமா? அம்மாவுக்கு என் வணக்கம்.

அண்ணன்,
சிங்காரம்


மேல் டிவிஷன்,
9 மார்ச் 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பெண் பார்க்கிற வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

பொத்தான் வேண்டாம். நாள் முழுவதும் அடுத்தவர் சொன்னபடிதான் கையை அசைக்கிறேன். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் தூக்குகிறேன். கேட்டில் மாரியம்மா தூக்கச் சொன்னால் இரண்டையும் தூக்குகிறேன். மாரியம்மா யார் என்று உங்களுக்குத் தெரியாது. தீபாவளிக்கு நீங்கள் வந்துபோன பிறகு லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். பெண்களைச் சோதிக்க அவளை நியமித்திருக்கிறார்கள். விடியற்காலையில் வேலைக்குப் போகும்போது கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பாள், பாவாடை மடிப்பை உதறுவாள். காட்டில் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொண்டுபோகிறோமாம். "ஏன்டி நெளியுற, ஒன்ன என்ன பொண்ணா பாக்க வந்தேன்?" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எனக்கு ஐந்து கம்பிதான் வேண்டும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. கடைக்காரரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள். அதன் முதுகு திறந்திருக்கிறதா? முதுகில் மரக்கிண்ணம் வைத்து மூடியதும் உண்டு என்று அந்தப் பாட்டுக்காரர் முனியாண்டி கங்காணியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மூடியது கனமாம், சத்தமும் அதிகமாம். இங்கே வீட்டுக்கு வீடு நடுவில் பலகைச் சுவர்தான். அடுத்த வீட்டில் கங்காணி தும்மினால் இங்கிருந்தே அம்மா "நூறாயுசு" என்கிறாள். எனக்குச் சத்தம் வேண்டாம்.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் கேட். மூடியிருக்கிற எதையும் அவர்கள் திறக்காமல் விடுவதில்லை. சின்னையா வீட்டுக் குழந்தையின் மெத்தையைக்கூடக் கிழித்துப் பார்த்தார்கள். முதுகு திறந்திருந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். பனி நாளில் தோல் தொய்ந்து போனாலும் அடுப்போரம் வைத்தால் சீக்கிரம் காயும்.

கோபமாக எழுதியிருக்கிறேனா என்று நினைப்பீர்கள். ஆமாம். எனக்கு எது பொருத்தம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு தடவை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

சரோஜா


ஈப்போ,
18 ஏப்ரல் 1952

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். அம்மாவுக்கு என் வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆனால் கையோடு நல்ல செய்தியும் இருக்கிறது. உனக்கு வாங்கிவிட்டேன்.

நீ கேட்ட பழையதையும் பார்த்தேன். உடைந்த சல்லடைக்குக் கைப்பிடி வைத்தது போல இருக்கிறது. அப்படி ஒன்றை என் தங்கைக்கு அனுப்பினால் தோட்டத்தில் என்னை என்ன சொல்வார்கள்? நாலு கம்பியே வாங்கினேன், புத்தம் புதியது. முதுகை வழவழப்பான மரத்தால் மூடிச் சிப்பிப்பூ பதித்திருக்கிறார்கள். தொட்டாலே கணீரென்று ஒலிக்கிறது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு நல்ல சாமான்தான் முக்கியம் என்று கடைக்காரர் சொன்னார். இந்த விஷயத்தில் உன்னைவிட அவருக்குத் தெரியும். கேட்டைப் பற்றி நீ வீணாகக் கவலைப்படுகிறாய். சர்க்கார் கிராணி அனுப்பும் பார்சல் என்று என் பெயரை மேலே எழுதியிருக்கிறேன்.

தானா ராத்தாவில் கடை வைத்திருக்கும் சாகுல் ஹமீதுக்கு மைதீன் என்பவன் இங்கிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு போகிறான். போலீஸ் காவலோடு போகிற அடுத்த கான்வாயில் அவன் லாரி மேலே வருகிறது. அவனிடம் கொடுத்திருக்கிறேன்.

உன் அண்ணிக்கு ஒரு பிடிவாதம். குழிவாக இருக்கிற எதையும் வெறுமையாகப் புகுந்த வீட்டுக்கு அனுப்பக் கூடாதாம். முறைப்படி செய்திருக்கிறாள். முதுகைக் கழற்றிப் பார், தெரியும்.

அண்ணன்,
சிங்காரம்


மேல் டிவிஷன்,
27 ஏப்ரல் 1952

அண்ணனுக்கு,

சுகம் கேட்க மனம் வரவில்லை. முதலில் நடந்ததைப் படியுங்கள்.

வியாழக்கிழமை லாரி வந்தது. நாங்கள் கொழுந்து நிறுத்துவிட்டுக் கேட்டில் வரிசையாக நின்றிருந்தோம். சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார்கள். உங்கள் பார்சலைப் பிரித்ததும் சிப்பிப்பூ மினுங்கியது. எல்லோரும் "ஓ" என்றார்கள். நான் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். முதுகு மூடியிருந்தது.

"மெதுவா லா துவான், பாட்டுப் பொட்டி அது. இந்தப் புள்ளைக்கு அண்ணன் அனுப்பினது" என்றார் மைதீன். பிறகு என்னைப் பார்த்து, "என்ன சரோஜா, கச்சேரி எப்ப? மொத வரிசையில எனக்கு ஒரு பாய் போட்டு வை" என்றார்.

போலீஸ்காரர் அதை ஆட்டினார். உள்ளே ஏதோ உருண்டது. அவ்வளவுதான், திருகாணிகளைக் கழற்றினார்கள். மஞ்சள் துணியில் ஒரு சின்ன முடிச்சு. ஒரு கைப்பிடி அரிசி, ஒரு மஞ்சள் கிழங்கு, ஒரு துண்டு வெல்லம். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்குக் கூடக் காணாது.

ஆனால் அதே லாரியில் சாகுல் ஹமீது கடைக்கான அரிசி மூட்டைகள் இருந்தன. அவற்றுக்குப் பெர்மிட் இருந்தது, இந்த முடிச்சுக்கு இல்லை. மூட்டையிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, இப்படி ஒவ்வொரு சாமானிலும் ஒளித்துத்தான் காட்டுக்குப் போகிறது என்று அதிகாரி சொன்னார். மைதீன் அந்தப் பார்சலைப் பிரிக்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஒங்க அண்ணன் வச்சாரான்னு கேக்குறாங்க, சொல்லும்மா" என்றார் கங்காணி.

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. எனக்கு வாய் வரவில்லை. தெரியவும் தெரியாது. உங்கள் கடிதம் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. மைதீனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "அழுவாத புள்ள, சாயங்காலம் விட்டுருவாங்க" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். இன்னும் விடவில்லை. பேஞ்சோவின் தோலைக் கத்தியால் கிழித்து, இரண்டு துண்டாக என்னிடம் கொடுத்தார்கள்.

மூடியது வேண்டாம் என்று எழுதினேன். ஏன் வேண்டாம் என்றும் எழுதினேன். அதற்கு மேல் எப்படி எழுதுவது? நான் இங்கே இருக்கிறேன். இந்தக் கேட்டில் ஒவ்வொரு நாளும் கை தூக்குகிறவள் நான். அண்ணிமேல் எனக்குக் கோபம் இல்லை. அரிசிக்கு இப்போது என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்துக்கொண்டே அனுப்பினீர்கள்.

இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அங்குள்ள ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்கள். வீட்டு முறைக்காக வைத்த ஒரு கைப்பிடி, லாரிக்காரருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று. நீங்கள் சர்க்கார் ஆள், இங்கிலீஷ் பேசுவீர்கள். உங்களை நம்புவார்கள்.

சரோஜா


மேல் டிவிஷன்,
14 மே 1952

அண்ணனுக்கு,

பதில் இல்லை. தபால் தொலைந்திருக்கும் என்கிறாள் அம்மா. நானும் அப்படியே நினைத்துக்கொண்டு மறுபடி எழுதுகிறேன்.

மைதீனின் மனைவி ரொஹானா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். உள்ளே விடவில்லை. கம்பிக்கு நடுவே கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பக்கத்துல தானம்மா நின்ன? அவுக தொடவே இல்லன்னு நீ பாத்தியா இல்லையா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"தலைய ஆட்டுனா அங்க எழுதிக்க மாட்டாங்க புள்ள. கீழ முகாமுக்கு அனுப்பப் போறாங்களாம். முகாமுக்குப் போனவங்கள அப்படியே கப்பல் ஏத்திருவாங்களாம். அவுக இங்க பொறந்தவுக. எந்த ஊருக்கு ஏத்துவாங்க?"

உங்கள் ஒரு வார்த்தை போதும். எழுதுங்கள், இல்லையென்றால் போய்ச் சொல்லுங்கள்.

சரோஜா


ஈப்போ,
30 மே 1952

தங்கை சரோஜாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதங்கள் கிடைத்தன. நீ எழுதியிருப்பது எனக்குச் சரியாக விளங்கவில்லை. இந்தக் காலத்தில் தபாலைத் திறந்து பார்க்கிறார்கள். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று யோசித்து எழுத வேண்டும்.

இங்கேயும் வந்து என்னை விசாரித்தார்கள். வாத்தியத்தை மட்டும் அனுப்பினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விஷயம் அதோடு முடிந்தது. லாரி ஓட்டுகிறவர்களுக்கு நூறு வியாபாரம் இருக்கும். நமக்கு என்ன தெரியும்? உன்னைக் கேட்டால் தெரியாது என்று சொல். நீ பேசாத பெண் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

கிழிந்து போனதற்கு வருத்தப்படாதே. நீ ஆசைப்பட்ட பழைய ஐந்து கம்பியை இன்றைக்கே வாங்கிவிட்டேன். முதுகு திறந்ததுதான். கடைக்காரரின் தம்பி தானா ராத்தாவுக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ சொன்னதுதான் சரி. இப்போது சந்தோஷம்தானே?

அண்ணன்,
சிங்காரம்


ஈப்போ,
8 ஜூன் 1952

என் அன்பு சரோஜாவுக்கு உன் அண்ணி மணியம்மா எழுதிக்கொள்வது.

நானும் உன் அண்ணனும் நல்ல சுகம். அத்தைக்கு என் நமஸ்காரம். என் எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே. உன் அண்ணன் ஆபீஸ் போன பிறகு எழுதுகிறேன்.

அவர் உன்னிடமிருந்து கடிதம் வருவதே இல்லை என்கிறார். பாட்டுப் பெட்டி வந்து சேர்ந்ததா? பிடித்ததா? நான் வைத்த அரிசியை எடுத்து உலையில் போட்டீர்களா? வெறும் பெட்டியை அனுப்பக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இந்தக் காலத்தில் அரிசி அனுப்பினால் ஜெயிலில் போடுவார்கள் என்று அவர் கேலி செய்தார். பிறகு சிரித்துக்கொண்டே அவரே வைத்துத் திருகாணியை முறுக்கினார். எனக்கு முறுக்கத் தெரியாது.

இன்னொரு விஷயம். அத்தையிடம் மெதுவாகச் சொல். எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. தையில் உன்னை அத்தை என்று கூப்பிட ஒரு ஆள் வந்துவிடும். அதற்குள் நீ வாசிக்கக் கற்றுக்கொள்.

உன் அண்ணி,
மணியம்மா


மேல் டிவிஷன்,
15 ஜூன் 1952

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மாவிடம் சொன்னேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதாள், சந்தோஷத்தில். உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். கனம் தூக்காதீர்கள்.

அரிசி வந்து சேர்ந்தது. நல்ல அரிசி.

உங்கள்,
சரோஜா


மேல் டிவிஷன்,
18 ஜூன் 1952

அண்ணனுக்கு,

அண்ணி எனக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் எதுவும் தெரியாமல் இருக்கிறவர் ஒருவர்தான் என்று தெரிந்துகொண்டேன். யார் முறுக்கினார்கள் என்றும் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் அனுப்பிய ஐந்து கம்பி பேஞ்சோ வந்தது. கேட்டில் மாரியம்மா திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்ல, போ" என்று கொடுத்துவிட்டாள். நான் சொன்னபடியேதான் நடந்தது.

நான் அதைத் திருப்பி அனுப்புவேன் என்று நினைக்காதீர்கள். அனுப்ப மாட்டேன். கழுத்து கொஞ்சம் வளைந்திருக்கிறது, கம்பி முறுக்கும் முளை ஒன்று வழுக்குகிறது. துணி சுற்றி இறுக்கினேன். மழை நாளில் தோல் தொய்ந்து, கம்பியைத் தாங்கும் குதிரை உள்ளே அமுங்கிவிடுகிறது. அடுப்புப் பக்கம் வைத்து எடுத்தால் சரியாகிவிடுகிறது. கட்டை விரல் தானாகவே குட்டைக் கம்பிக்குப் போகிறது. நீங்கள் அதை அனுப்பியது என் வாயை அடைக்க. என் விரலுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு வாசிக்கிறது.

ஆனால் வாய் வேறு, விரல் வேறு.

"நீ பேசாத பெண்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பத்துத் தடவை படித்தேன். நீங்கள் எனக்குச் செய்ததிலேயே இதுதான் மோசம். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது நான் பேசவில்லை, அதனால் நீங்கள் படித்தீர்கள். கேட்டில் பேசவில்லை, அதனால் மைதீன் உள்ளே இருக்கிறார். என் வெட்கம் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிற மாதிரி ஆகிவிட்டது.

மாதக் கடைசியில் அவரை முகாமுக்கு அனுப்புகிறார்களாம். அதற்குள் நீங்கள் எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுதிக் கொடுங்கள். நீங்களாகப் போனால் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், பயந்துவிட்டேன் என்று சொல்லலாம். நான் போனால் அப்படிச் சொல்ல முடியாது.

சரோஜா


ஈப்போ,
25 ஜூன் 1952

சரோஜா,

அம்மாவுக்கு நலம் உண்டாகட்டும்.

நீ யாரை மிரட்டுகிறாய் என்று தெரிந்துதான் எழுதினாயா? சர்க்காருக்குப் பொய்யாக எழுதிக் கொடுத்தேன் என்று தெரிந்தால் வேலை மட்டுமா போகும்? அந்த முகாமுக்கு நான் போக வேண்டும். நிரந்தரமாவதற்கு இரண்டு வாரம்கூட இல்லை. உன் அண்ணி இருக்கும் நிலை உனக்குத் தெரியும். அந்தக் குழந்தை பிறக்கும்போது தகப்பன் எங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறாய்? அம்மாவை யார் பார்ப்பார்கள்? நீயா, உன் கொழுந்துக் கூலியிலா?

யாரோ ஒரு லாரிக்காரனுக்காகக் கூடப் பிறந்தவனை விற்கிற பெண்ணை எந்த வீட்டில் எடுப்பார்கள்? ஐந்தாம் வகுப்புப் படித்த உனக்கு ஸ்டேஷனில் என்ன பேசத் தெரியும்? உன்னைப் பார்த்துச் சிரித்து அனுப்புவார்கள்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டு. ஒரு வரி விடாமல் படி. அவள் சொல்வதைக் கேள்.

சிங்காரம்


மேல் டிவிஷன்,
29 ஜூன் 1952

அண்ணனுக்கு,

ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவன் பொழப்பு போயிரும்டி" என்றாள்.

"மைதீனுக்குப் பொழப்பு இல்லையாம்மா?"

"அவன் நம்ம ஆளா?"

"கேட்ல என்ன அழுவாதன்னு சொன்னது யாரு? நம்ம ஆளா?"

அம்மா போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

நேற்று நான் வேலைக்குப் போகவில்லை. பெரட்டில் கங்காணியிடம் வெளியே போகப் பாஸ் கேட்டேன். "எதுக்கு?" என்றார். ஸ்டேஷனுக்கு என்றேன். "வாய் தொறந்துட்டியா" என்று மட்டும் சொல்லிப் பாஸ் வாங்கிக் கொடுத்தார். பிறகு டவுன் வரை தானும் கூட வந்தார். வெளியில் நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். எங்கள் வீடுகளில் குழிவானதை வெறுமையாக அனுப்ப மாட்டோம், அதனால்தான் அந்த அரிசி என்று சொன்னேன். தமிழருக்கு உடனே புரிந்தது, தலையை ஆட்டினார். துரைக்கு அதை எடுத்துச் சொல்ல அவருக்கு வெகு நேரம் ஆனது. துரை இரண்டு தடவை "ரைஸ்?" என்று கேட்டார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணியின் பெயரைச் சொல்லவில்லை. கேட்டார்கள், சொல்லவில்லை.

அந்த முடிச்சை உள்ளே வைத்து முதுகை மூடியது யார் என்று கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொன்னேன்.

"சத்தமா சொல்லும்மா, தொரைக்குக் கேக்கல" என்றார் தமிழர்.

எழுந்து நின்று, மறுபடியும் சொன்னேன்.